சின்னக் கைவேலையா, பெரிய கைவேலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வேண்டிய சில பொருட்களைச் சொந்தக் கையால் செய்வது, பழுதானதை நாமே சரி பார்ப்பது என்று பல வருடங்களாக ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்திருக்கிறேன். அதைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: எளிய வேலை செய்வதா, பெரிதாக எதையாவது எடுத்துக்கொள்வதா? என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். ஏன் சாய்கிறது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எதைச் சின்ன வேலை என்கிறீர்கள்?

உட்கார்ந்தால் எழுவதற்குள் முடிந்துவிடும் வேலையை. சுலபமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கத்தி தீட்டுவது லேசில் கைவராது. கல்லின் மேல் ஒரே கோணத்தில் கத்தியைப் பிடிக்கப் பழகவே பல நாள் ஆகும். ஆனாலும் அது சின்ன வேலைதான். ஒரு கல், ஒரு கத்தி, கொஞ்சம் தண்ணீர். கோணம் தவறினால் அடுத்த நிமிடமே ஒரு தாளை வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கதவு வைத்த அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பார்த்தால் எளிது. அளக்க வேண்டும், அறுக்க வேண்டும், துளை போட வேண்டும், திருகு முடுக்க வேண்டும். ஆனால் பக்கப் பலகை 3 மில்லிமீட்டர் சாய்ந்தால் தட்டு ஆடும், கதவு உரசும், தாழ்ப்பாள் விழாது. முதல் நாள் செய்த பிழை மூன்றாம் வாரம்தான் முகத்தைக் காட்டும்.

ஒரு வேலையில் எத்தனை பாகங்கள் இன்னொன்றை நம்பி நிற்கின்றன என்று நான் எண்ணிப் பார்ப்பேன். 4 பாகங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும் என்றாலும், 6 பொருத்தங்கள்தான். 12 பாகங்கள் என்றால் 66. பாகம் மூன்று மடங்கு கூடும்போது, தவறு நேரக்கூடிய இடம் பதினொரு மடங்காகிறது.

பெரிய வேலையை முடித்தால்தானே சந்தோஷமும் பெரிதாக இருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெளியூர் போகும் நாட்களில் தொட்டிச் செடிகள் வாடிவிடுகின்றன என்று தானாகத் தண்ணீர் ஊற்றும் ஒரு அமைப்பைச் செய்யக் கிளம்பினேன். ஆர்டுயினோ பலகை (நாம் எழுதும் நிரல்படி மற்ற பாகங்களை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), மண்ணின் ஈரம் அறியும் சென்சார், ஒரு சின்ன பம்ப், பலகை சொல்லும்போது பம்பை ஓட்டி நிறுத்தும் ரிலே என்ற சுவிட்ச், குழாய்கள். வார இறுதிகளாகச் சேர்த்து நான்கு மாதம் போனது. மண் காய்ந்தால் பம்ப் ஓடும், நனைந்தால் நிற்கும். முதல் தடவை அது தானாக ஓடி நின்றபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

சில வாரம் கழித்து ஊரிலிருந்து திரும்பினால் பால்கனி முழுக்கத் தண்ணீர். நான் வாங்கிய சென்சார், மண்ணில் குத்தி வைக்கும் இரண்டு உலோகக் கால்கள் கொண்ட வகை. ஈர மண்ணில் மின்சாரம் எளிதாக ஓடும், காய்ந்த மண்ணில் ஓடாது. அதை வைத்துத்தான் ஈரத்தைச் சொல்லும். ஆனால் அந்தக் கால்களில் ஓயாமல் மின்சாரம் ஓடினால் மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரத்தால் நேரும் வேதி மாற்றம், நடந்து உலோகம் அரித்துக்கொண்டே போகும். அரித்த காலில் மின்சாரம் சரியாக ஓடவில்லை. மண் காய்ந்துவிட்டது என்று பலகை எடுத்துக்கொண்டது. பம்ப் நிற்கவே இல்லை. அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்திருந்தால் அரிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். உலோகம் மண்ணில் படாத, மின்தேக்கி முறையில் அளக்கும் சென்சாரும் இருக்கிறது. அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு மனமே விட்டுப்போயிற்று.

அடுத்த தடவை கிளம்பும் முன் பருத்தி நூலைத் தடிமனாக முறுக்கித் திரியாக்கினேன். முழுக்க நனைத்து, ஒரு முனையைத் தொட்டி மண்ணுக்குள் விரல் ஆழத்துக்குப் புதைத்தேன். மறுமுனை பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில். மண் காயக் காய, நூலிழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத் தண்ணீர் தானே ஏறி வரும். வாளியின் நீர்மட்டம் தொட்டி மண்ணைவிடத் தாழ்வாக இருப்பது முக்கியம். உயர்ந்திருந்தால் திரி வழியே தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். ரொம்பவும் தாழ்ந்தாலும் ஏறாது, ஒரு சாண் போதும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை.

மறுநாள் காலை மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. அந்தக் கணத்துச் சந்தோஷம் பம்ப் ஓடியபோது வந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இன்னும் சொன்னால், இதில் பயம் கலக்கவில்லை. திரியில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தண்ணீர் ஏன் ஏறுகிறது, எப்போது நிற்கும், நின்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. நாம் செய்த பொருளை முழுசாகப் புரிந்து வைத்திருக்கும் நிம்மதி இருக்கிறதே, சின்ன வேலை தரும் பெரிய சொத்து அதுதான்.

இது உங்கள் அனுபவம். இதற்கு ஏதாவது ஆய்வு ஆதாரம் உண்டா?

கைவேலையையும் பொருள் மேல் வரும் பாசத்தையும் பற்றி நன்றாக அறியப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. மைக்கேல் நார்டன், டேனியல் மோச்சோன், டேன் ஏரியலி மூவரும் 2012இல் வெளியிட்டது. சிலரிடம் பாகங்களைக் கொடுத்து, அவற்றைப் பொருத்திப் பெட்டியாக்கச் சொன்னார்கள். சிலரைத் தாள் மடித்து உருவம் செய்யச் சொன்னார்கள். செய்து முடித்தவர்கள், தாங்கள் செய்த பொருளுக்கு மற்றவர்கள் தரத் தயாராக இருந்ததைவிட அதிகம் தர முன்வந்தார்கள். தாள் உருவம் செய்த புதியவர்கள், தங்கள் கோணல் மாணலான உருவத்தைக் கைதேர்ந்தவர் செய்ததற்குக் கிட்டத்தட்டச் சமமாக மதித்தார்கள்.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு பகுதி. பெட்டியைப் பாதியில் நிறுத்த வைத்தவர்களிடமும், விளையாட்டுக் கட்டைகளால் கட்டி முடித்த பொம்மையைக் கலைத்துவிட்டவர்களிடமும் அந்தப் பாசம் தென்படவில்லை. உழைப்பு மட்டும் போதவில்லை; வேலை முடிந்து, முடிந்த பொருள் கண் முன்னால் இருக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனையில் இருந்தவை எல்லாமே ஒரே அமர்வில் முடியக்கூடிய சின்ன வேலைகள் என்பதையும் கவனியுங்கள்.

நான் தொடங்கும் பெரிய வேலை எதுவும் சொன்ன நாளில் முடிவதில்லை. சோம்பேறித்தனமா?

இல்லை. காலத்தைக் குறைத்துக் கணிப்பது மனிதர்களுக்குப் பொதுவான வழக்கம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979லேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 1994இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். ஒரு படியை முதல் முயற்சியிலேயே சரியாகச் செய்ய 100க்கு 95 வாய்ப்பு என்று வையுங்கள். நல்ல கைதான். 5 படி உள்ள வேலை எங்கும் இடறாமல் முடிய 77 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 20 படி உள்ள வேலைக்கு அது 36 சதவீதமாக இறங்கிவிடும். அதே கை, அதே கவனம்தான். இதைப் போட்டுப் பார்த்த பிறகு, இடறும்போது என்னை நானே திட்டிக்கொள்வதை விட்டுவிட்டேன்.

நிறைய கருவிகள் வேண்டுமா?

வேண்டாம். அளக்க ஒரு டேப், கோடு போட ஒரு பென்சில், வெட்ட ஒரு நல்ல கத்தி, சுத்தியல், இரண்டு அளவில் திருப்புளி, ஒரு குறடு, கொஞ்சம் உப்புத்தாள், வெள்ளைப் பசை. ஒரு வேலை ஒரு கருவியைக் கேட்கும்போது மட்டும் வாங்குங்கள். மரத்தை ரம்பத்தால் கையாலேயே அறுத்துப் பழகியவருக்குத்தான் மின்ரம்பம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று தெரியும்.

இதுவரை எதுவும் செய்ததில்லை. எதில் தொடங்கட்டும்?

நோட்டுப் புத்தகம் தைப்பதில் தொடங்குங்கள். ஊசியும் நூலும் தாளும் போதும். அரை மணியில் முடியும், முடிந்ததும் அதிலேயே எழுதலாம்.

8 ஏ4 தாள்களை எடுத்து, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். 32 பக்கம் ஆயிற்று. மடிப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். இதை மட்டும் அவசரப்படாமல் செய்ய வேண்டும், மடிப்பு கூர்மையாக இல்லாவிட்டால் புத்தகம் வாயைப் பிளந்துகொண்டே இருக்கும். அதே அளவில் தடித்த அட்டைத்தாள் ஒன்றை மடித்து வெளியே போர்த்துங்கள். இனி மடிப்பின் மேல் மூன்று புள்ளிகள்: 21 சென்டிமீட்டர் உயரத்தின் நட்ட நடுவில் ஒன்று, மேல் ஓரத்திலிருந்து 4 சென்டிமீட்டரில் ஒன்று, கீழ் ஓரத்திலிருந்து 4 சென்டிமீட்டரில் ஒன்று. புத்தகத்தை விரித்துப் பிடித்து, உள்பக்கமிருந்து மடிப்பிலேயே ஊசியால் துளையிடுங்கள். துளை மடிப்பை விட்டு விலகினால் வெளியே தையல் கோணலாகத் தெரியும்.

நூல் புத்தக உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே வாருங்கள், நூலின் வால் ஒரு விரல் நீளம் உள்ளே நிற்கட்டும். வெளியே மேல் துளைக்குப் போய் உள்ளே நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே வாருங்கள். அங்கிருந்து நடுத்துளைக்குத் திரும்பி உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனைகளும் உள்ளே, நடுவில் இருக்கும். நீளமாக ஓடும் தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்து, அந்தத் தையலைச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். இழுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழியும்.

முதல் புத்தகம் கொஞ்சம் பிசகும். இரண்டாவதை அதே மாலையில் தைத்துவிடலாம், பிசகு எங்கே நேர்ந்தது என்று கை மறப்பதற்குள். பெரிய வேலையில் இந்த வசதி கிடைக்காது. இரண்டாவது அலமாரி செய்ய எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

பழுது பார்ப்பதும் இதில் சேருமா? அதில் புதிதாக எதுவும் உருவாகவில்லையே?

சேரும். எனக்கு அதில்தான் ஆசை அதிகம். சொட்டுகிற குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று குறைவாகக் கணக்கிட்டாலும் 4 லிட்டருக்கு மேல் வீண். திருகித் திருகி மூடும் பழைய வகைக் குழாயாக இருந்தால், காரணம் பெரும்பாலும் உள்ளே தேய்ந்துபோன ஒரு ரப்பர் வாசர்தான். தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட்டு, தலைப்பகுதியைக் கழற்றினால் தண்டின் நுனியில் அது இருக்கும். பழையதைக் கையோடு எடுத்துப் போய் அதே அளவில் வாங்குங்கள். வேலைக்கு முன்பு கழுநீர்த் துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள், விழும் திருகு நேராக அதற்குள்தான் போகும். கால் சுற்றில் திறக்கும் குழாய் என்றால் பெரும்பாலும் உள்ளே பீங்கான் வட்டுகள் இருக்கும். அதில் உள்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும்.

இரவில் அந்தச் சொட்டுச் சத்தம் இல்லாமல் படுத்திருப்பது எவ்வளவு சுகம் என்று செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கடையில் வாங்கினால் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே?

பல சமயம் கிடைக்கும். மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் பழுது பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் நிச்சயம் மிச்சமாகும். புதிதாகச் செய்வதில் கிடைப்பது வேறு: உங்கள் சுவரின் அளவுக்கு, உங்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு, நீங்கள் நினைத்தபடி ஒரு பொருள்.

எளிமையாகச் செய்தால் பார்க்க முரட்டுத்தனமாக இருக்காதா?

இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974இல் ஒரு காரியம் செய்தார். கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் இவற்றை மட்டும் வைத்து யாரும் செய்துகொள்ளக்கூடிய மேசை, நாற்காலி, அலமாரி, கட்டில் என்று வரைபடங்கள் போட்டு, தபால் செலவை அனுப்பியவர்களுக்கு அவற்றை அனுப்பி வைத்தார். அந்த மேசை நாற்காலிகளில் ஒளித்து வைத்த இணைப்பே கிடையாது. எந்தப் பலகை எதைத் தாங்குகிறது என்பது வெளியே நின்று பார்த்தாலே தெரியும். தானே செய்து பார்த்தால்தான் ஒரு பொருளின் தரம் மக்களுக்குப் புரியும் என்பது அவர் எண்ணம். அந்த மேசைகள் அழகானவை என்றே நான் நினைக்கிறேன்.

முரட்டுத்தனம் பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்தைத் தவிர்ப்பதால் வருகிறது. பலகையைச் சொரசொரப்பான 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, அப்புறம் 220 என்று மர வரியின் போக்கிலேயே தேயுங்கள். விளிம்புகளின் கூர்மையை இரண்டு இழுப்பில் மழுக்குங்கள். அதே பலகை வேறொன்றாகிவிடும்.

அப்படியானால் பெரிய வேலையே எடுக்க வேண்டாமா?

எடுங்கள். தண்ணீர் ஊற்றும் அமைப்பு என் செடிகளைக் காப்பாற்றவில்லை என்றாலும், சால்டரிங் பிடிக்கவும் (ஈயத்தை உருக்கி மின்கம்பிகளை ஒட்டும் வேலை), ஒரு மின்சுற்றில் கோளாறு எங்கே என்று படிப்படியாகத் தேடவும் அதில்தான் கற்றேன். மாதக்கணக்காக ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகமும் உண்டு. குளிக்கும்போது திடீரென ஒரு வழி தோன்றும். சின்ன வேலையில் அது வராது.

ஆனால் பெரியதைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. அலமாரியை முதல் வாரம் அளவு, இரண்டாம் வாரம் அறுப்பு, மூன்றாம் வாரம் பொருத்தல் என்று பிரித்தால் மூன்று வாரமும் கையில் எதுவும் நிற்காது. அதையே ஒரே அளவில் நான்கு திறந்த பெட்டிகளாக யோசியுங்கள். முதல் பெட்டி முடிந்த அன்றே அதில் புத்தகம் அடுக்கலாம். இரண்டாவதை அதன் மேல் வைக்கலாம். மூன்றாவதோடு அலுத்துவிட்டால் அங்கேயே நிறுத்தலாம், அதுவும் அலமாரிதான். என்ன, உயரம் கூடினால் பெட்டிகளை ஒன்றோடொன்று திருகால் இணைத்து, சுவரிலும் பிடிமானம் கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. பெரிய வேலையில் ஆணி எடுத்துக் கொடுக்கும் உதவியாளாக நிறுத்தாமல், சின்ன வேலை ஒன்றை முழுசாக அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் தைத்த புத்தகத்தை அவர்கள் தூங்கிய பிறகு நேராக்கி வைக்காதீர்கள்.

எவற்றை நாமே செய்யக்கூடாது?

வேலை சின்னதாகத் தெரிவது வேறு, ஆபத்து சின்னதாக இருப்பது வேறு. எரிவாயு இணைப்பு, வீட்டின் மின் இணைப்புப் பெட்டி, பாரம் தாங்கும் சுவரில் உடைப்பது, உயரமான கூரையில் ஏறுவது ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். நாமே செய்யும் மற்ற வேலைகளிலும் அறுக்கும்போதும் துளையிடும்போதும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வருடக்கணக்காகப் பாதியில் நிற்கும் ஒரு வேலை இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

முதலில், அதில் இன்று மாலைக்குள் முடியக்கூடிய ஒரு துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மட்டும் செய்துவிட்டு, நாளை இன்னொரு துண்டு செய்யத் தோன்றுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோன்றவில்லை என்றால் பிரித்துவிடுங்கள். பிரிப்பதும் ஒரு முழு வேலைதான். ஒரே மாலையில் முடியும்.

என் தண்ணீர் ஊற்றும் அமைப்பை நான் அப்படித்தான் பிரித்தேன். திருகுகள் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் போயின. குழாயை நறுக்கி, சாய்ந்து நின்ற செடிகளைக் குச்சியோடு சேர்த்துப் பிடிக்கும் வளையங்களாக்கினேன். பச்சைத் தண்டை உரசாத அளவுக்கு அது மென்மை. ஆர்டுயினோ பலகையில் இப்போது ஒரே ஒரு விளக்கும் ஒரு பொத்தானும் இருக்கின்றன. என் மகள் தன் முதல் நிரலை அதில்தான் எழுதினாள். பம்ப் மட்டும் இன்னும் பெட்டியில் இருக்கிறது, வாளியிலிருந்து மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற உதவுமா என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.